சுளுக்கு என்று எழுதப்பட்ட முறிவுகள்: மணிக்கட்டுச் சிற்றெலும்புக் காயங்களின் வரலாறு

மணிக்கட்டுச் சிற்றெலும்புக் காயங்கள் என்பவை, முன்கை எலும்புகளுக்கும் அங்கை எலும்புகளுக்கும் நடுவே இரண்டு வரிசைகளாக அமைந்த எட்டுச் சிறிய எலும்புகளில் ஏற்படும் முறிவு, நழுவல், சிதைவு ஆகியவற்றைக் குறிக்கும். கை ஊன்றி விழுபவர்களுக்குப் பெரும்பாலும் முறிவது முன்கையின் ஆரை எலும்புதான். சிற்றெலும்பு முறிவுகள் அதைவிட அரிதானவை. அவை வெளித்தோற்றத்தில் கையை உருக்குலைப்பதில்லை. முதல் நாள் எக்ஸ்-கதிர்ப் படத்தில் பல சமயம் தெரிவதும் இல்லை. அதனால் 'சுளுக்கு' என்ற ஒரே சொல்லில் அவை அடங்கிவிடுகின்றன.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி போன்ற இடங்களில் இது வெறும் மருத்துவச் சிக்கல் அல்ல. மணிக்கட்டின் பிடியை நம்பி வேலை செய்யும் ஒருவருக்கு, முதல் நாள் சீட்டில் எழுதப்படும் சொல்லே அவருடைய ஓய்வு, ஊதியம், இழப்பீடு மூன்றையும் தீர்மானிக்கிறது. இந்தக் காயங்களின் மருத்துவ வரலாறும் தொழிலாளர் விபத்துச் சட்டங்களின் வரலாறும் தொடக்கம் முதலே பின்னிப் பிணைந்தவை.

எட்டு எலும்புகள்

எட்டு எலும்புகளில் மிகுதியாக முறிவது, பெருவிரல் பக்கம் உள்ள படகெலும்பு. மருத்துவர்கள் இதை ஸ்கேஃபாய்டு என்பர். சிற்றெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காடு இந்த ஒன்றில்தான் நிகழ்கின்றன. அடுத்த இடம் சுண்டுவிரல் பக்கமுள்ள முப்பட்டையெலும்புக்கு. நடுவில் இருக்கும் பிறையெலும்பு, அதாவது லூனேட், முறிவதைவிட இடம் நழுவுவதாலும் இரத்த ஓட்டம் குன்றிச் சிதைவதாலும் துன்பம் தருகிறது. கொக்கியெலும்பின் முனை உள்ளங்கையில் நேராக விழும் அடியால் முறியும்.

படகெலும்பின் சிக்கல் அதன் இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. எலும்பின் பெரும்பகுதிக்கு இரத்தம் விரல்பக்க முனையை ஒட்டி நுழைந்து, பின்னோக்கி முன்கைப் பக்கம் செல்கிறது. எலும்பு இடுப்பில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு இரத்தம் குறைகிறது. அத்துண்டு ஒட்டாமல் நிற்கலாம், உயிரற்றும் போகலாம். ஒட்டாத படகெலும்பு சில ஆண்டுகளில் மணிக்கட்டின் மற்ற மூட்டுகளையும் தேய்த்துவிடும். 25 வயதில் விழுந்தவருக்கு 35 வயதில் மணிக்கட்டு வாதம் வருவது இவ்வாறுதான்.

எக்ஸ்-கதிருக்கு முன்

18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய மருத்துவர்கள் பலரும் மணிக்கட்டில் விழும் அடிகளை 'மூட்டு நழுவல்' என்றே வகைப்படுத்தி வந்தனர். பிரான்சின் லியோன் நகர அறுவை மருத்துவர் குளோத் புட்டோவின் எழுத்துகள் 1783-இல் வெளிவந்தபோது, இவற்றில் பல உண்மையில் முறிவுகள் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. 1814-இல் டப்ளினைச் சேர்ந்த ஆபிரகாம் காலிஸ், ஆரை எலும்பின் கீழ்முனை முறிவைத் தெளிவாக விளக்கினார். இன்றும் அது காலிஸ் முறிவு என்றே அறியப்படுகிறது. எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்படுவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன், கையால் தொட்டும் வடிவத்தைக் கண்ணால் பார்த்தும் அவர் இதை எழுதினார்.

காலிஸ் முறிவு தொட்டால் தெரியும். கை முள்கரண்டி போல வளைந்துவிடும். சிற்றெலும்பு முறிவில் இந்த அடையாளம் எதுவும் இல்லை. எனவே அவை அறியப்படுவதற்கு வேறொரு கருவி தேவைப்பட்டது.

லியோனில் பிறந்த நூல்

1895 நவம்பர் 8 அன்று வில்ஹெல்ம் ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் எடுத்த புகழ்பெற்ற படம் அவருடைய மனைவியின் கையைக் காட்டியது. அதன் பின் சில ஆண்டுகளிலேயே மணிக்கட்டின் உட்புறம் மருத்துவர்களுக்குத் திறந்தது.

1898 ஏப்ரலில் பிரான்ஸ் வேலைவிபத்து இழப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. வேலையில் காயமுற்றவர், முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்காமலேயே இழப்பீடு கேட்கலாம் என்பது அதன் சாரம். அதன் பிறகு மருத்துவரின் சான்றே வழக்கின் மையம் ஆயிற்று. 'வலிக்கிறது' என்று சொல்லும் தொழிலாளி நடிக்கிறாரா, உண்மையிலேயே எலும்பு முறிந்துள்ளதா என்ற கேள்விக்கு விடை தேவைப்பட்டது.

லியோனைச் சேர்ந்த எட்டியென் டெஸ்டோ 1905-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே இதைச் சொல்கிறது: தமிழில் 'மணிக்கட்டும் வேலைவிபத்துகளும்' எனலாம். படகெலும்பு முறிவு, பிறையெலும்பைச் சுற்றிய நழுவல் முதலியவற்றை எக்ஸ்-கதிர்ப் படங்களுடன் ஆராய்ந்த தொடக்ககால நூல்களுள் இது முதன்மையானது. அரிய மணிக்கட்டுக் காயங்கள் தனிப் பாடமாக உருவாகியதில் தொழிலாளரின் இழப்பீட்டுக் கேள்விக்கும் பங்கு உண்டு.

1910-இல் வியன்னாவின் கதிரியலாளர் ராபர்ட் கீன்பெக், பிறையெலும்பு மெல்ல மென்மையாகி நொறுங்கும் நோயை விவரித்தார். 20 முதல் 40 வயதுக்குட்பட்ட, கையால் கடும் வேலை செய்யும் ஆண்களிடம், பெரும்பாலும் பழக்கக் கையில் இது காணப்படுகிறது. அரந்தி எலும்பு ஆரை எலும்பைவிடச் சற்றுக் குட்டையாக இருப்போரிடம் இது கூடுதல் என்று 1928-இல் சுவீடனின் ஹுல்டேன் காட்டினார். 1929-இல் ஜெர்மனி, காற்றழுத்தக் கருவிகளின் அதிர்வால் தசை, எலும்பு, மூட்டுகளில் வரும் நோய்களைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. ஒரே நாளில் நடந்த விபத்தாக இல்லாமல், ஆண்டுக்கணக்கில் சேரும் அதிர்வும் எலும்பைக் கெடுக்கலாம் என்பதற்கு இது சட்டம் தந்த ஒப்புதல்.

கார் கைப்பிடி முறிவு

தானுந்துத் தொழிலுக்கும் மணிக்கட்டுக்கும் உள்ள உறவு பழையது. தொடக்ககாலக் கார்களை முன்புறம் ஒரு கைப்பிடியைச் சுழற்றி இயக்க வேண்டும். எஞ்சின் திடீரென எதிர்த்திசையில் உதைத்தால் கைப்பிடி ஓட்டுநரின் கையில் மோதும். ஆரை எலும்பின் பக்கமுனை முறியும். 'ஓட்டுநர் முறிவு' என்ற பெயர் இன்றும் மருத்துவ நூல்களில் உள்ளது.

1912-ஆம் ஆண்டு மாதிரிக் கேடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்துவக்கி இடம்பெற்றது. பிற கார்களும் மெல்ல அதைப் பின்பற்ற, இந்தக் காயம் அருகிப்போனது. ஒரு தொழிற்காயம் மருத்துவமனையில் அல்லாமல் வடிவமைப்பு மேசையில் குறைக்கப்பட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இன்றைய கார்த் தொழிற்சாலையில் மரை முறுக்கும் கருவி, முறுக்கு முடியும் கணத்தில் கையைத் திருகி உதறுகிறது. அந்த உதறலைத் தாங்கும் எதிர்விசைக் கரத்தைக் கருவியுடன் பொருத்துவதும் அதே வகைத் தீர்வே.

சிகிச்சை வளர்ந்த விதம்

1925-இல் வியன்னாவில் லோரன்ஸ் பெலர் தலைமையில் விபத்துக் காயங்களுக்கெனத் தனி மருத்துவமனை தொடங்கியது. தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அமைப்பு அதற்குப் பின்னணியில் இருந்தது. நல்ல கட்டும் போதிய நாள் அசைவின்மையும் தொழிலாளியை வேலைக்குத் திருப்பி அனுப்பும், காப்பீட்டுச் செலவையும் குறைக்கும் என்பது பெலரின் வாதம். படகெலும்பு முறிவுக்கு நீண்டகால மாவுக்கட்டு இக்காலத்தில் வழக்கமானது.

ஒட்டாத எலும்புக்கு 1937-இல் ஹெர்மான் மட்டி எலும்பு ஒட்டுமுறையைப் பதிவு செய்தார். 1960-இல் வியன்னாவின் ஓட்டோ ருஸ்ஸே அதை மாற்றியமைத்தார். 1984-இல் ஆஸ்திரேலியாவின் திமோதி ஹெர்பர்ட், ஃபிஷர் ஆகியோர் தலையில்லாத் திருகாணியை அறிமுகம் செய்தனர். அதன் இரு முனைகளிலும் மரையின் இடைவெளி வேறுபடும். திருகும்போது இரு துண்டுகளும் ஒன்றையொன்று நெருக்கும். ஆணி முழுவதும் எலும்புக்குள்ளேயே புதைந்துவிடுவதால் மூட்டு உரசுவதில்லை.

திருகாணி வந்ததால் மாவுக்கட்டின் காலம் முடிந்துவிடவில்லை. பிரிட்டனில் 439 பேரை இரு பிரிவுகளாக்கி நடத்தி 2020-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகாத இடுப்பு முறிவில் ஓராண்டுக்குப் பின் இரு முறைகளின் பலனும் பெரிதும் வேறுபடவில்லை என்று காட்டியது. முதலில் மாவுக்கட்டு, ஒட்டாதது தெரிந்தால் உடனே அறுவை என்பது அதன் பரிந்துரை. எலும்பு ஒட்டியதா என்று உரிய நாளில் பார்க்க நோயாளி திரும்பி வந்தால் மட்டுமே இந்த முறை பலிக்கும்.

தமிழ்நாட்டில்

சென்னையில் 1934-இல் தொடங்கப்பட்ட பர்னார்டு கதிரியல் நிலையம் இப்பகுதியில் எக்ஸ்-கதிர் மருத்துவத்துக்கு வலுவான அடித்தளம் இட்டது. ஆனால் கைக்கெனத் தனி அறுவை மருத்துவம் இங்கே வளர்ந்தது தொழுநோயின் வழியாக. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்டு, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஒரகடத்துக்குத் தெற்கே சற்றுத் தொலைவிலுள்ள செங்கல்பட்டின் தொழுநோய் நிலையத்தில் மடங்கிய விரல்களைப் பார்த்தபின், தசைநாண்களை இடம்மாற்றிக் கையை மீட்கும் அறுவைகளை வேலூரில் தொடங்கினார். தொழுநோயாளிகளின் கை கெடுவதற்குப் பெருங்காரணம் வலி உணர்வு அற்றுப்போவதே என்று அவர் விளக்கினார். வலி என்பது உடல் எழுதும் முதல் அறிக்கை. அதைப் படிக்காமல் விட்டால் எலும்பு தேயும். அறுவைக்குப் பின் தச்சு முதலிய வேலைப் பயிற்சியும் வேண்டும் என்பது வேலூர் தந்த மற்றொரு பாடம்.

தொழிற்காயங்களுக்கான அடுத்த கட்டம் வடசென்னையில் அமைந்தது. துறைமுகத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் அருகிலிருந்த அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் 1971-இல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். இது பின்னாளில் கைக்கான ஆராய்ச்சி, மறுவாழ்வு நிலையமாக விரிந்தது. சாய்வாகத் துண்டான விரல்நுனியை மூட அவரும் என். சுப்பிரமணியனும் 1980-இல் வெளியிட்ட முக்கோணத் தோல்மடிப்பு முறை உலக நூல்களில் அவர் பெயரால் அறியப்படுகிறது. கோயம்புத்தூரின் கங்கா மருத்துவமனையும் ஆலை, விசைத்தறிக் காயங்களின் வழியே இத்துறையில் பெயர் பெற்றது.

இந்த நிலையங்களுக்கு ஓடி வருபவை பெரும்பாலும் இரத்தம் சிந்தும் காயங்கள். துண்டான விரலை யாரும் சுளுக்கு என்று சொல்ல மாட்டார்கள். தோல் கிழியாத மணிக்கட்டு முறிவு அங்கே வந்து சேர்வது தாமதமாகத்தான்.

இடைப்பட்ட வழியில் நாட்டுக் கட்டு இருக்கிறது. ஆந்திரத்தின் புத்தூர் எலும்புக்கட்டு சென்னை, காஞ்சிபுரம் வட்டாரங்களில் வீட்டுக்கு வீடு அறிந்த பெயர். முட்டை வெண்கரு, பச்சிலை, மூங்கில் தப்பை, துணி ஆகியவற்றால் ஆன கட்டு, விலகாத முன்கை முறிவை அசையாமல் வைத்துக்கொள்ளக் கூடும். படகெலும்புக்கு மணிக்கட்டுடன் கூடிய நீண்ட அசைவின்மை வேண்டும். விலகிய பிறையெலும்பைக் கைத்தொடுகையால் மட்டும் கண்டறிவதும் நிலைநிறுத்துவதும் கடினம். எண்ணெய் தேய்த்து உருவிச் 'சுளுக்கு எடுப்பது' முறிந்த எலும்பை மேலும் அசைக்கிறது.

தொழிற்பகுதியின் கைகள்

1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் சென்னைக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் தொழிற்பூங்காக்களை அமைத்தது. 1998-இல் ஹூண்டாய் கார் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளிவந்தது. 2010-இல் ரெனோ–நிசான் ஆலை ஒரகடத்தில் திறக்கப்பட்டது. கண்ணாடி, டயர், மின்னணுப் பொருள், சரக்குந்து, இருசக்கர ஊர்தி ஆலைகளும் அவற்றுக்கு உதிரி பாகம் தரும் நூற்றுக்கணக்கான சிற்றாலைகளும் சுற்றிலும் எழுந்தன.

இத்தகைய பகுதியில் மணிக்கட்டு பல வழிகளில் அடிபடும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலோ சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையிலோ இரவுப்பணி முடிந்து திரும்பும்போது இருசக்கர ஊர்தியிலிருந்து கை ஊன்றி விழுவது ஒன்று. சரக்குந்து மேடையிலிருந்து தவறுவது, முறுக்குக் கருவி உதறுவது, உள்ளங்கையையே சுத்தியலாக்கிப் பாகங்களைத் தட்டிப் பொருத்துவது ஆகியவை மற்றவை. முதலிரண்டில் படகெலும்பும் பிறையெலும்பும், கடைசியில் கொக்கியெலும்பும் ஆபத்துக்குள்ளாகின்றன.

1948 தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டியையும், 500 பேருக்கு மேல் உள்ள ஆலைக்கு மருத்துவ உதவி அறையையும் கட்டாயமாக்கியது. பெரிய ஆலையில் விழுந்தவரை ஒரு செவிலியராவது பார்ப்பார். 200 பேர் உள்ள உதிரி பாக ஆலையில் சட்டம் கேட்டது பெட்டியை மட்டுமே. பெட்டியில் இருப்பது வலிக்களிம்பும் சுருள்துணியும்தான்.

கண்டறியும் முறை

முதல் சோதனைக்குக் கருவி வேண்டாம். பெருவிரலை நன்றாக நிமிர்த்தினால் மணிக்கட்டின் பக்கத்தில் இரு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். மூக்குப்பொடி போடுவோர் பொடியை வைக்கும் இடம் அது. அங்கே அழுத்தினால் வலி, படகெலும்பின் உள்ளங்கைப் பக்க முனையில் வலி, பெருவிரலை நீளவாக்கில் தள்ளினால் வலி ஆகியவை இருந்தால், படம் தெளிவாக இருந்தாலும் முறிவு இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

படகெலும்பு முறிவுகளில் ஆறில் ஒன்று வரை முதல் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியாமல் போகலாம். படகெலும்புக்கென எடுக்கும் கூடுதல் கோணங்கள் உதவும். ஐயம் நீடித்தால் கட்டுப்போட்டு 10 முதல் 14 நாட்களில் மீண்டும் படம் எடுப்பது நெடுநாள் வழக்கம். வசதியுள்ள இடத்தில் எம்.ஆர்.ஐ. ஓரிரு நாளில் விடை தரும். கொக்கியெலும்பு முனைக்கு சி.டி. ஏற்றது. நான்கு வாரத்துக்கு மேல் கட்டின்றி விடப்பட்ட படகெலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது.

பிறையெலும்பைச் சுற்றிய நழுவல் இன்னும் அவசரமானது. 1993-இல் வெளியான, 166 நோயாளிகளைக் கொண்ட பன்மைய ஆய்வில் நான்கில் ஒருவருக்கு இது முதலில் தவறவிடப்பட்டிருந்தது. நேர்ப்படத்தில் சிற்றெலும்புகளின் விளிம்புகள் மூன்று சீரான வளைவுகளாக அமைய வேண்டும் என்று 1979-இல் கிலுலா காட்டினார். வளைவு உடைந்திருந்தால் நழுவல் உண்டு. பக்கவாட்டுப் படத்தில் பிறையெலும்பு கவிழ்ந்த கிண்ணம் போலத் தெரியும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போனால் நடுநரம்பு நசுங்குகிறது என்று பொருள். அன்றே அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

சீட்டும் சட்டமும்

இந்தியாவில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் உறுப்பிழப்பை அட்டவணையிட்டது. ஒரு கை முழுதும் போனால் 60 விழுக்காடு, பெருவிரலுக்கு 30, சுட்டுவிரலுக்கு 14 என வருமானத் திறன் இழப்பு குறிக்கப்பட்டது. அட்டவணையில் ஒட்டாத படகெலும்புக்கு இடமில்லை. விரல்கள் ஐந்தும் இருந்தும் பிடி வலுவிழந்த கைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே மதிப்பிட வேண்டும். அம்மதிப்பீடு காயம் எப்போது, எப்படி நேர்ந்தது என்ற பதிவைச் சார்ந்தது.

1948-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் தமிழகத்தில் 1955-இல் கோயம்புத்தூரில் நடைமுறைக்கு வந்தது. சாதாரண நோய்க்கு ஊதியத்தில் 70 விழுக்காடும், வேலைக்காயத்தால் தற்காலிகமாக இயங்க இயலாதபோது 90 விழுக்காடும் பணப்பயன் தரும் முறை அதன்கீழ் உருவானது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தம், பணிக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தை, வேலையுடன் தொடர்பு இருக்கும் நிலையில், வேலைக்காயமாக ஏற்றது. ஒரகடம் சாலையில் விழுந்த கைக்கும் இவ்வாறு சட்டத்தில் இடம் கிடைத்தது. இச்சட்டங்கள் பின்னர் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் ஒன்றிணைக்கப்பட்டன.

படகெலும்பின் இடுப்பு முறிவுக்கு 8 முதல் 12 வாரக் கட்டு வேண்டியிருக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கோ பயிற்சித் தொழிலாளிக்கோ மூன்று மாத ஓய்வு என்பது வேலையே போகும் அச்சத்தைத் தருவது. 'சுளுக்கு, மூன்று நாள் ஓய்வு' என்ற சீட்டு அப்போது ஆலைக்கும் தொழிலாளிக்கும் ஒருசேர வசதியாகிவிடுகிறது. ஆறு மாதம் கழித்து எலும்பு ஒட்டவில்லை என்று தெரியும்போது, விபத்துப் பதிவேட்டில் எழுதப்படாத காயத்தை வேலைக்காயம் என்று காட்டுவது கடினம்.

எனவே முதல் நாள் சீட்டில் சில வரிகள் போதும், ஆனால் அவை தவறக்கூடாதவை: எந்த வேலையில், கை எந்த நிலையில் ஊன்றியது, பொடிக்குழியில் வலி உண்டா, விரல் மரத்துள்ளதா, மறுபடம் எந்தத் தேதியில். முறிவு உறுதியாகும் வரை 'சுளுக்கு' என்பதற்கு மாறாக 'படகெலும்பு முறிவு ஐயம்' என்று எழுதுவது மருத்துவ வழக்கமாகவே ஏற்கப்பட்டது. 1905-இல் டெஸ்டோ படங்களைக் கொண்டு விடை தேடிய கேள்விக்கு இன்று எம்.ஆர்.ஐ. எளிதில் விடை சொல்லும். அந்தப் படத்தை எடுக்கச் சொல்லும் ஒரு வரி சீட்டில் இருந்தால்தான் தொழிலாளி அதுவரை சென்று சேர முடியும்.